நடனசாலையின் வாயில்

கால்களுக்குக் குலம் உண்டோ என்று எவரேனும் வினவினால் நாம் நகைப்போம். அரசன் கால் ஒருவகை, ஏர் உழுபவன் கால் மற்றொரு வகை என்று இயற்கை பிரித்து வைத்ததில்லை. ஆயினும், அக்கால்கள் இசைக்கு இயைந்து அசையத் தொடங்கிய அளவிலே, எவன் எந்த அடியை எடுத்து வைக்கலாம், எந்தக் கூடத்தில் வைக்கலாம், எவருடைய கையைப் பற்றி வைக்கலாம் என்று மனித சமூகம் வேலி மேல் வேலியாக நட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மேனாட்டு இணையாட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அவ்வேலிகளின் வரலாறே.

ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் அவ்வாட்டத்தைப் பற்றி நம்மவரிடையே இரு கொள்கைகள் உண்டு. வெட்கங்கெட்ட கூத்து என்று ஒரு சாரார் இகழ்வர். நாகரிகத்தின் முத்திரை என்று மற்றொரு சாரார் போற்றுவர். இகழ்வோரும் போற்றுவோரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அவ்வாட்டத்தை இளைஞர் எங்ஙனம் கற்றனர்? அவர்க்குக் கற்பித்தவர் யார்? பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் நடனசாலையின் வாயிலில் வந்து நின்றபோது அவனை உள்ளே விட்டவர் யார், தடுத்தவர் யார்?

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாம், அப்பள்ளியின் சரித்திர நூல்களில் மன்னர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் மனப்பாடம் செய்தோம். அம்மன்னர்களின் அவையில் ஆடப்பட்ட ஆட்டம் எந்தக் குடியானவன் முற்றத்திலிருந்து வந்தது என்று அந்நூல்கள் நமக்குச் சொல்லவில்லை. மேலும் நாம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணிகள். பெயருக்கு நேரே எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று பார்ப்பதே நம் தொழில். ஆகவே நடன வரலாற்றையும் அக்கண் கொண்டே நோக்கத் துணிந்தோம். உழைத்தவர் யார்? ஏட்டில் ஏறிய பெயர் யாருடையது? விடுபட்ட பெயர் யாருடையது?

குடியானவன் முற்றத்திலிருந்து

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெருங்குடி மக்கள் தம் பிள்ளைகளுக்கு நடனம் கற்பிக்க ஆசானை வீட்டுக்கே வரவழைத்தனர். மினுவெட் என்னும் அரசவை ஆட்டத்தைப் பயில ஆண்டுகள் பிடித்தன. பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைப்பதும், வணங்குவதும், கையை நீட்டுவதும் குழந்தைப் பருவம் முதற்கொண்டு உடலில் ஏற்றப்பட்டன. பொருளும் ஓய்வும் உடையவன் மட்டுமே அப்பயிற்சியைப் பெற இயலும். அதனால், ஒருவன் கூடத்தில் நடந்துவரும் நடையிலேயே அவன் குலம் விளங்கிவிடும். நற்பிறப்பின் அடையாளம் என்று அவர்கள் மெச்சிய நளினம் மெய்யாகவே பல ஆண்டு ஆசான் கூலியின் பயனே அன்றி வேறன்று.

அக்காலத்தில் ஆஸ்திரியா, பவேரியா நாடுகளின் மலைப்புறத்து உழவர்கள், ஆணும் பெண்ணும் நெருங்கிப் பற்றிச் சுழன்று ஆடும் லெண்ட்லர் முதலிய ஆட்டங்களை ஆடி வந்தனர். அவற்றிலிருந்து கிளைத்ததே வால்ட்ஸ். நெப்போலியனை வென்ற அரசர்களும் அமைச்சர்களும் 1814, 1815-ஆம் ஆண்டுகளில் வியன்னா நகரில் கூடி ஐரோப்பாவின் எல்லைகளைப் பங்கிட்டபோது, மாலை விருந்துகளில் இந்த வால்ட்ஸே சுழன்றது.

இங்கிலாந்தில் அதற்கு எழுந்த எதிர்ப்பு பெரிது. கவிஞர் பைரன் 1813-இல் அதனை எள்ளி ஒரு நீண்ட அங்கதச் செய்யுளை வெளியிட்டார். 1816-இல் இளவரச ஆட்சியாளர் அளித்த விருந்தில் வால்ட்ஸ் இடம்பெற்றது கண்டு, இலண்டன் டைம்ஸ் பத்திரிகை அந்நிய நாட்டு ஆபாசம் என்னும் பொருள்படக் கடிந்து எழுதியது. அதே 1816-ஆம் ஆண்டில்தான் தாமஸ் வில்சன் என்னும் இலண்டன் நடன ஆசான், வால்ட்ஸைச் செவ்வையாக ஆடும் முறையை விளக்கித் தனி நூலொன்றை வெளியிட்டார். கண்டனமும் பாடப்புத்தகமும் ஓராண்டில் பிறந்தன! ஒழுக்கக் காவலர் ஒருபுறம் கூவிக்கொண்டிருக்க, அவர்தம் மக்கள் மறுபுறம் கட்டணம் செலுத்திக் கற்றுக்கொண்டிருந்தனர்.

எதிர்ப்பின் காரணத்தை ஆராய்ந்தால் அது அடிகளைப் பற்றியதன்று, தொடுதலைப் பற்றியது என்பது புலனாகும். மினுவெட்டில் விரல் நுனிகள் மட்டுமே தொட்டன. வால்ட்ஸிலோ ஆண் பெண்ணின் இடையை அணைத்துப் பிடித்தான். எனவே, யார் யாரைத் தொடலாம் என்னும் கேள்வி கூடத்தின் நடுவே வந்து நின்றது. அதற்கு இலண்டன் கனவான்கள் கண்ட விடை மிக எளிது: வாயிலைக் காவல் செய்தல். ஆல்மாக்ஸ் என்னும் புகழ்பெற்ற கூடத்தில் சில உயர்குலப் பெண்மணிகள் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் பெற்றிருந்தனர். சீட்டின்றி எத்துணைச் செல்வனும் உள்ளே புக முடியாது. உழவனின் ஆட்டம் உள்ளே நுழைந்துவிட்டது. உழவன் மட்டும் வெளியே நின்றான்.

இந்த ஒரு செய்தியை நேயர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகின்றோம். பின்வந்த நூறாண்டுகளிலும் இதுவே மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

மெருகிட்டவரும் இசைத்தவரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென் அமெரிக்காவின் புவெனஸ் அயர்ஸ் துறைமுகச் சேரிகளில், வந்தேறிய ஏழைகளும் கறுப்பின மக்களும் கலந்து வாழ்ந்த இடத்தில், டாங்கோ பிறந்தது. முதல் உலகப்போருக்குச் சற்று முன்னர் அது பாரிஸ் நகரை அடைந்து ஐரோப்பா முழுவதையும் பற்றியது. ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் 1913-இல், படையுடை தரித்த அதிகாரிகள் டாங்கோ ஆடலாகாது என்று தடைவிதித்தார்.

அதே காலத்தில் வட அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ராக்டைம் இசையும், அதற்கேற்ற துள்ளாட்டங்களும் வெள்ளை இளைஞரைக் கவர்ந்தன. வான்கோழி நடை, கரடிப் பிடி என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். பெற்றோர் நடுங்கினர். அந்நடுக்கத்தைத் தீர்க்க வந்தவர்கள் வெர்னன் காஸில், ஐரின் காஸில் என்னும் தம்பதிகள். அவர்கள் நியூயார்க்கில் நடனப் பள்ளி நிறுவினர். 1914-இல் நூலும் எழுதினர். தோள் குலுங்காமலும் இடுப்பு நெளியாமலும் அடக்கமாக ஆடும் வழியைப் போதித்தனர். பாக்ஸ்டிராட் என்னும் ஆட்டம் பரவியதும் அதே 1914-ஆம் ஆண்டில்தான். கனவான் வீட்டுக் கன்னியர் அச்சமின்றிப் பயிலலாயினர்.

ஆனால் அப்பள்ளியின் இசையை நடத்தியவர் யார்? ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்னும் கறுப்பின இசைவாணர். 1912-இல் கறுப்பின இசைஞர் பெருங்குழுவைக் கார்னகி மண்டபத்தில் ஏற்றிய பெருமையர். முதல் உலகப்போரில் பிரான்ஸ் நாட்டுப் போர்முனைக்குச் சென்ற கறுப்பினப் படையின் வாத்தியக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். பாக்ஸ்டிராட்டின் மெதுவான தாளத்தைத் தம் செவிக்கு முதலில் அளித்தவர் அவரே என்று காஸில் தம்பதிகளே ஒப்புக்கொண்டனர். அங்ஙனமிருந்தும், அவர் வாசித்த கூடங்களிற் பலவற்றில் அவருடைய இனத்துப் பிள்ளை ஒருவன் ஆடுவதற்கு வந்திருந்தால் வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருப்பான். அவர் இசைக்கலாம், அவர் மக்கள் ஆடலாகாது. இதனைச் செக்ரோலில் எப்படிப் பதிவது?

காஸில் பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர் ஆர்தர் மரே. 1895-இல் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறு குழந்தையாக நியூயார்க் வந்து சேர்ந்தவர். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் வளர்ந்த அவர், கூச்சம் மிக்க நெடிய பிள்ளை. நடனம் தெரிந்தால் நாலு பேரோடு பழகலாம் என்று கருதி, திருமண விருந்துகளில் அழையாமலே நுழைந்து ஆடிப் பழகினார் என்பர். பதினேழு வயதில் இரவு நேரங்களில் பிறர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1920-களில் அவர் கண்ட உபாயம் வியப்புக்குரியது. கால் வைக்க வேண்டிய இடங்களைப் பாத வடிவாகத் தாளில் அச்சிட்டு, அஞ்சல் வழியாக விற்றார். சிற்றூரில் ஆசானில்லாத இளைஞனும் இளம்பெண்ணும் அத்தாளைத் தரையில் விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு, பாதத்தின் மேல் பாதம் வைத்துக் கற்றனர். முன்னர் அரண்மனைக்கு வந்த ஆசான் இப்பொழுது தபாற்பையில் வந்தான்!

நடக்கத் தெரிந்தவன் ஆடலாம்

இனி இலண்டனுக்குத் திரும்புவோம். முதல் உலகப்போர் முடிந்ததும் இளைஞர் கூட்டம் ஆட்டத்தின் மேல் வேட்கை கொண்டது. 1919-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஹாமர்ஸ்மித் பகுதியில் பாலே த டான்ஸ் என்னும் பெருங்கூடம் திறக்கப்பட்டது. நுழைவுக் காசு கொடுத்தவர்க்கு அக்கூடம் திறந்திருந்தது. பரம்பரை கேட்கப்படவில்லை. அதனைப் பின்பற்றி நாடெங்கும் கூடங்கள் எழுந்தன. ஆலையிற் பணிபுரியும் பெண்களும் கடைச் சிப்பந்திகளும் எழுத்தர்களும் சனிக்கிழமை இரவில் அவற்றை நிரப்பினர்.

ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆடியதால் கூடத்தில் ஒருவரை ஒருவர் மோதும் நிலை உண்டாயிற்று. 1920-இல் நடனப் பத்திரிகை ஆசிரியர் பிலிப் ரிச்சர்ட்சன் என்பார் ஆசான்களைக் கூட்டி முறை வகுக்க முயன்றார். 1924-இல் நடன ஆசிரியர்களின் இம்பீரியல் சங்கம் இணையாட்டத்துக்கெனத் தனிக் கிளை அமைத்து, அடிகளை வரையறுத்துப் பாடத்திட்டமும் தேர்வும் ஏற்படுத்தியது. அக்குழுவில் இடம்பெற்றவர் விக்டர் சில்வெஸ்டர். 1900-இல் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். போர் மூண்டபோது வயதை மறைத்துப் படையிற் சேர்ந்த சிறுவர்களுள் அவரும் ஒருவர். போர் முடிந்தபின் பெருங்கடை ஒன்றின் மாலைத் தேநீர் நடனங்களில், துணையில்லாத பெண்களுக்குக் கூலிக்குத் துணையாடும் வேலை பார்த்தார். 1922-இல் பில்லிஸ் கிளார்க் என்னும் மங்கையோடு ஆடி உலகப் போட்டியில் வென்றார். 1927-இல் அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது.

இவர்கள் வகுத்த முறையில் ஒரு பெரும் புரட்சி ஒளிந்திருந்தது. பாதத்தை வெளிப்புறம் திருப்பும் பழைய அரசவை முறையை அவர்கள் கைவிட்டனர். தெருவில் நடப்பது போலவே பாதங்களை நேராக வைத்து நடப்பதே ஆட்டத்தின் அடிப்படை என்றனர். பாக்ஸ்டிராட்டுக்கு நான்கு தட்டுத் தாளம். அதில் ‘மெது’ என்னும் அடி இரண்டு தட்டுகளையும், ‘விரைவு’ என்னும் அடி ஒரு தட்டையும் கொள்ளும். மெது, மெது, விரைவு, விரைவு என்று வாயால் எண்ணிக்கொண்டே நடந்தால் பாதிப் பாடம் முடிந்தது. வால்ட்ஸுக்கு மூன்று தட்டு. விரைந்த பாக்ஸ்டிராட்டும், 1920-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த சார்ல்ஸ்டன் துள்ளலும் கலந்து குவிக்ஸ்டெப் ஆயிற்று.

இதன் பொருள் யாது? ஐந்து வயது முதல் ஆசானிடம் பயின்றவனுக்கே உரியதாயிருந்த நளினத்தை, பதினாறு வயதில் தொழிற்சாலையிலிருந்து வந்தவன் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதே. நடக்கத் தெரிந்தவன் எவனும் ஆடலாம்! பிறப்பால் வருவது என்று நூற்றாண்டுகளாகப் பறைசாற்றப்பட்ட ஒன்று, பயிற்சியால் வருவது என்று மெய்ப்பிக்கப்பட்டது. நூலும் தேர்வும் பதக்கமும் வந்தபின், தையற்காரியின் மகளும் பிரபுவின் மகளும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டனர். 1941-இல், இரண்டாம் உலகப்போரின் இருட்டடிப்பு நாட்களில், பி.பி.சி. வானொலி சில்வெஸ்டரின் நடன வகுப்பை ஒலிபரப்பத் தொடங்கியது. கூடத்துக்குச் செல்ல இயலாதவரும் அடுப்பங்கரையில் நின்று அடி பயின்றனர்.

குறையும் சொல்லவேண்டும். முறை வகுத்தவர்கள் கறுப்பின மக்களின் ஆட்டத்திலிருந்து எடுத்ததைச் செதுக்கி, தோளசைவும் இடையசைவும் நீக்கி, ஆங்கில முறை என்று பெயரிட்டனர். கற்பிக்கத் தக்கதாய் ஆக்கியது அவர்தம் தொண்டு. பிறந்த இடத்தை மறைத்தது அவர்தம் குற்றம். ஊதியத்துக்கு ஆடியோர் நிலையும் எளிதன்று. பெருங்கூடங்களில் ஒருபுறம் கம்பியடைப்பினுள் இளைஞரும் இளம்பெண்களும் அமர்ந்திருப்பர். ஓர் ஆட்டத்துக்கு ஆறு பென்ஸ் சீட்டு வாங்கியவர் அவர்களுள் ஒருவரைத் தேர்ந்து ஆடலாம். புதிதாய்க் கற்போருக்கு அவர்களே உண்மை ஆசான்கள். கால் மிதிபட்டும் புன்னகை மாறாது ஆடிக் கற்பித்தவர்களின் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை.

நடைபாதையிற் கற்றவர்கள்

மூலத்துக்கு உரியவர்கள் தமக்கென ஒரு கூடம் பெற்றபோது என்ன நிகழ்ந்தது என்பதை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிற் காண்கின்றோம். 1926-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே சவோய் நடனசாலை திறக்கப்பட்டது. ஒரு தெருவளவு நீண்ட கூடம். இரண்டு வாத்திய மேடைகள். ஓயாத கால்களால் தேய்ந்து சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றப்பட்ட மரத்தளம். அதே ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப் என்னும் விடுதியில் கறுப்பினத்தார் மேடையில் ஆடலாம். வாடிக்கையாளராக அமர முடியாது. சவோயிலோ கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். நன்றாக ஆடுகிறானா என்பதே அங்கே கேள்வி. லிண்டி ஹாப் என்னும் துள்ளாட்டம் அங்கு வளர்ந்து உலகெங்கும் பரவியது.

1914-இல் பிறந்த பிராங்கி மானிங் அங்கே வளர்ந்த பிள்ளை. பதின்வயதில் தாயோடு நடனத்துக்குச் சென்றபோது, உடம்பு விறைப்பாயிருக்கிறது, நீ ஆட்டக்காரன் ஆகமாட்டாய் என்று தாயே சொல்லிவிட்டாள். அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. தம் அறையில் துடைப்பத்தையும் நாற்காலியையும் துணையாகப் பிடித்துக்கொண்டு பழகினார். இளைஞருக்கென நடந்த ஞாயிறு நடனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சவோய் வரை ஏறினார். 1935-இல் துணைவியைத் தம் முதுகின் மேல் உருட்டி ஆகாயத்தில் எழுப்பி இறக்கும் புதிய அடியை நிகழ்த்திக் கூடத்தையே அதிரச் செய்தார்.

நார்மா மில்லர் 1919-இல் ஹார்லெமில், பார்பேடோஸ் தீவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். சவோய்க்குப் பின்புறத்து வீட்டில் வசித்த அச்சிறுமி, மாடிப்படியில் நின்று சாளரங்களின் வழியே ஆடுவோரைக் கண்டு கண்டு கற்றார். கூடத்தின் இசை தெருவில் வழிந்தபோது நடைபாதையில் ஆடினார். 1932-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, பன்னிரண்டு வயதில், தெருவில் ஆடிய அவரைக் கண்ட தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் உள்ளே அழைத்துச் சென்று தம்மோடு ஆடவைத்தார். நூலில்லை, பாதம் அச்சிட்ட தாளில்லை, தேர்வில்லை. கண்ணே ஏடு, தெருவே பள்ளி.

1943-இல் அதிகாரிகள் ஒழுக்கக்கேடு என்று குற்றஞ்சாட்டிச் சவோயைச் சில மாதம் மூடினர். இரு நிறத்தாரும் சேர்ந்து ஆடியதே மெய்யான காரணம் என்று ஹார்லெம் மக்கள் கொதித்தனர். 1958-இல் அக்கூடம் அறவே மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. மானிங் அஞ்சல் நிலையத்தில் பல ஆண்டு உத்தியோகம் பார்த்தார். 1980-களில் புதிய தலைமுறை இளைஞர் அவரைத் தேடிச் சென்றனர். அதன்பின் 2009-இல் மறையும் வரை நாடு நாடாகச் சென்று கற்பித்தார். 2000-இல் அவருக்கும் 2003-இல் நார்மா மில்லருக்கும் அமெரிக்க அரசின் மரபுக்கலை விருது கிட்டியது. ஏட்டில் பெயர் ஏறுவதற்கு ஏறத்தாழ எழுபதாண்டுகள் பிடித்தன!

கீரை வயலில் உழைத்தவர்கள்

தோட்டத்தில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் பகுதி இனிவருவதே. 1920-களில் பிலிப்பைன் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர் கலிபோர்னியாவின் கீரை வயல்களிலும் பழத் தோட்டங்களிலும் கூலிவேலைக்குச் சென்றனர். பலர் இருபது வயது நிரம்பாதவர். உடன்சென்ற பெண்கள் மிகச் சிலரே. நம் முன்னோரைப் போலவே அவர்களும் கொட்டடிகளில் அடைந்து வாழ்ந்தனர். வாரம் முழுதும் குனிந்து கீரை அறுத்தவர்கள் சனிக்கிழமை இரவில் நல்லுடை உடுத்தி, சீட்டுக்கு ஆடும் நடனசாலைகளுக்குச் சென்றனர். ஒரு சீட்டு பத்து சென்ட். அதற்கு ஒரு பாட்டளவு நேரம் ஒரு பெண்ணோடு ஆடலாம். சீட்டுக் காசில் பாதி அவளுக்கு. அங்கேதான் அவ்விளைஞர் பாக்ஸ்டிராட் கற்றனர். நன்றாகவே கற்றனர். அதுவே அவர்கள்மேல் சினம் மூள்வதற்கு ஒரு காரணமாயிற்று.

1930-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வாட்சன்வில் என்னும் ஊரருகே பிலிப்பினோ இளைஞர் நடத்திய நடனசாலையில் வெள்ளைப் பெண்கள் ஆடினர் என்று ஒரு கூட்டம் திரண்டது. பல நாள் வேட்டை நடந்தது. கொட்டடிகள் சூறையாடப்பட்டன. கூலியாட்கள் தெருவில் அடிக்கப்பட்டனர். பெர்மின் டொபேரா என்னும் இருபத்திரண்டு வயதுத் தொழிலாளி தம் கொட்டடியில் துப்பாக்கிக் குண்டுபட்டு மாண்டார். அவர் எவரையும் தாக்கவில்லை. கூட்டத்துக்கு அஞ்சி ஒளிந்திருந்தவர்.

கலகத்தோடு கதை முடியவில்லை. வெள்ளையர் மங்கோலிய இனத்தாரை மணத்தலாகாது என்ற கலிபோர்னியச் சட்டம் பிலிப்பினோக்களைக் கட்டுப்படுத்தாது, அவர்கள் மலாய் இனத்தார் என்று நீதிமன்றம் 1933-இல் தீர்ப்பளித்தது. உடனே சட்டசபை அதே ஆண்டில் மலாய் இனம் என்னும் சொல்லையும் தடைப்பட்டியலிற் சேர்த்தது! 1948-இல்தான் அச்சட்டத்தை மாநில உயர்மன்றம் செல்லாதென்றது. வாட்சன்வில் கொடுமைக்குக் கலிபோர்னியச் சட்டசபை வருத்தம் தெரிவித்தது 2011-இல்; அவ்வூர் நகரவை தெரிவித்தது 2020-இல்.

கைபற்றி ஆடியதற்காக ஓர் உயிர் போயிற்று என்றால், தீண்டாமை என்னும் சொல்லுக்கு அகராதியில் வேறு பொருள் தேடவேண்டா. உழைப்பைத் தீண்டலாம், அவன் அறுத்த கீரையை உண்ணலாம், ஆனால் அவன் கை ஒரு பெண்ணின் கையைத் தொடலாகாது. நம் சேரிகளில் நாம் அறிந்த நோய் கலிபோர்னியாவில் வேறு பெயரோடு திரிந்தது.

முறை வகுத்துப் பெருமை கொண்ட இங்கிலாந்தும் இதற்கு விலக்கன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கரிபியத் தீவுகளிலிருந்தும் நம் இந்தியாவிலிருந்தும் சென்ற தொழிலாளர் பல கூடங்களின் வாயிலில் தடுக்கப்பட்டனர். 1958-இல் வுல்வர்ஹாம்ப்டன் நகரின் ஸ்காலா நடனசாலை நிறத்தடை விதித்தபோது, இசைஞர் தொழிற்சங்கம் தன் உறுப்பினர் அங்கே வாசிக்கலாகாது என்று கட்டளையிட்டது. கூடத்து முதலாளிகள் நீதிமன்றம் ஏறினர். சங்கத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. உடன் வாசிக்கும் தோழனுடைய இனத்தார் உள்ளே வரக்கூடாத கூடத்தில் நாம் எங்ஙனம் வாசிப்பது என்று கேட்ட அவ்விசைஞரை நாம் வணங்குகின்றோம். நடனசாலை முதலிய பொதுவிடங்களில் இனம் நோக்கித் தடுப்பது 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது.

நம் கரையில்

இவ்வலை நம் கரையையும் தொட்டது. சிங்கப்பூரில் 1923-இல் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா தோன்றியது. 1930-களில் கிரேட் வோர்ல்ட், ஹாப்பி வோர்ல்ட் என்பன தொடர்ந்தன. ஒரு மேடையில் ஜோகெட் ஆட்டம். அதில் ஆணும் பெண்ணும் எதிரெதிர் நின்று, ஒருவரையொருவர் தொடாமலே அடிக்கு அடி ஈடுகொடுப்பர். அடுத்த கூடத்தில் சீட்டுக்கு ஆடும் கேபரே. அதில் வால்ட்ஸும் பாக்ஸ்டிராட்டும். சீனர், மலாயர், இந்தியர், யுரேசியர் எனப் பல இனத்தாரும் காசு கொடுத்து நுழைந்த பொதுவிடங்கள் அவை. துரைமாரின் கிளப்புகளிற் புகமுடியாத எழுத்தர் பலர், அப்பூங்காக்களில்தான் அத்துரைமாரின் ஆட்டத்தைக் கற்றனர்.

அங்கே ஊதியத்துக்கு ஆடிய பெண்களை ஊரார் இழித்துப் பேசினர். அவர்களுள் ஒருவரான ஹே யன் நா என்பார், போரின் அழிவுக்குப் பின் 1946-இல், உடன் ஆடிய பெண்களையும் சேர்த்துப் பொருள் திரட்டி, கேலாங் பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளியொன்று நிறுவினார். ஹாப்பி தருமப் பள்ளி என்னும் அது 1979 வரை நடந்தது. இழித்தவர்களிற் பலர் ஒரு பலகையும் வாங்கித் தந்ததில்லை. இழிக்கப்பட்டவர்கள் பள்ளியே தந்தனர். ஒழுக்கத்தை எங்கே தேடுவது என்பதற்கு இஃதொரு பாடம்.

முடிவாக

நேயர்காள்! இணையாட்டத்தை எல்லாரும் பயிலவேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை. பயிலலாகாது என்று தடுக்கவும் வரவில்லை. விரும்புவோர் பயில்க. ஆனால் வரலாறு மூன்று உண்மைகளை நம்முன் வைக்கிறது.

ஒன்று: நளினம் பிறப்பால் வருவதன்று. கற்பிக்கும் முறை வகுத்து, கட்டணத்தைக் குறைத்து, வாயிலைத் திறந்தால், ஆலைப்பெண்ணும் கீரை அறுப்பவனும் ஒரு பருவத்தில் அதனைப் பெறுகின்றனர். நடனத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை கல்விக்கும் இசைக்கும் மொழிக்கும் பொருந்தாதோ?

இரண்டு: மேலோர் கலை என்று நாம் அண்ணாந்து நோக்கும் ஒன்றின் வேரைத் தோண்டினால், அங்கே உழவனோ கூலியாளோ அடிமையின் பேரனோ நிற்பான். கலையை வாங்கிக்கொண்டு கலைஞனைத் தள்ளுவது எல்லா நாட்டு மேலோருக்கும் பொதுவான வழக்கம். நம் நாட்டுச் சதிராட்டத்தையும் பறையையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இது புதிதன்று.

மூன்று: ஒழுக்கத்தின் பேரால் எழும் கூக்குரல்களை உற்றுக் கேட்கவேண்டும். ஒழுக்கம் எது என்பதைக் காட்டிலும், யார் யாரைத் தொடலாம் என்பதே பலவற்றின் உட்பொருள்.

ஆகவே, இனி நம் பிள்ளைகள் ஒரு கூடத்தில் ஏதேனும் ஒரு கலையைக் கற்கச் செல்லும்போது, அங்கே கற்பிக்கப்படுவது தக்கதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதிருப்போம். அதை முதலில் ஆடியவர் யார், அவர்க்குரிய கூலியும் பெயரும் கிடைத்தனவா, இன்று வாயிலுக்கு வெளியே நிற்பவர் எவரேனும் உண்டா என்றும் கேட்போம். உண்டு என்று விடை வருமாயின், முதலில் அவ்வாயிலைத் திறப்பதற்கு வழி தேடுவோம். ஆட்டம் அதன்பின் தொடங்கட்டும்.